டர்பனில் அஸ்திவாரம் தோண்டும் முன்: நிலத்தடி ரேடார் எடுக்கப் போகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில், எங்கள் கோயிலுக்குப் பின்பக்கம் ஒரு சமையற்கூடம் கட்ட ஆரம்பித்தோம். ஊரில் பன்னிரண்டு வருடம் சைட் சூப்பர்வைசராக வேலை பார்த்தவன் என்பதால் கமிட்டி பொறுப்பை என்னிடம் கொடுத்தது. முதல் நாளே டி.எல்.பி.யின் வாளி ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயைப் பிய்த்துவிட்டது. நம்மூரில் ஜேசிபி என்கிறோமே, அதற்கு இங்கே டி.எல்.பி. என்று பெயர். செம்மண் கரைந்து குழி சில நிமிடங்களில் குளமாகிவிட்டது. வால்வு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. தேடிப் பிடித்து மூட முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் குழியின் ஒரு பக்கம் சரிந்து உள்ளே விழுந்தது. மறுநாள் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள். முந்நூறு பேருக்குச் சமைக்கத் தண்ணீர் இல்லாமல் பக்கத்து வீடுகளில் இருந்து டிரம்மில் பிடித்துக் கொண்டுவந்தோம்.

தண்ணீரை இறைத்துவிட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. உடைந்த குழாயில் இருந்து இரண்டு அடி தள்ளி, சரிந்த மண்ணுக்குள் இருந்து ஒரு கறுப்பு மின் கேபிள் எட்டிப் பார்த்தது. அதில் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தது. குழாய் உடைந்த நேரத்தில் குழிக்குள் மண்வெட்டியோடு நின்றவன் பத்தொன்பது வயதுப் பையன்.

மாநகராட்சி வரைபடத்தில் அந்தக் குழாய் வேலிக்கு அந்தப் பக்கம் ஓடியது. கோயிலில் மூத்தவர் ஒருவர், "தம்பி, முப்பது வருஷமா இந்த இடத்தைப் பாக்கறேன், கீழ ஒண்ணும் கிடையாது" என்று உறுதியாகச் சொல்லியிருந்தார். அவர் மனதறிந்து பொய் சொல்லவில்லை. மண்ணுக்கடியில் இருப்பது யார் நினைவிலும் முழுதாக நிற்பதில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் ஜிபிஆர் என்கிற நிலத்தடி ரேடார் ஆட்களைக் கூப்பிட்டோம். அதிலும் வரிசை தெரியாமல் இரண்டு தடவை பணம் கட்டினோம். வீட்டுக்குப் பின்னால் கிரானி ஃபிளாட் என்கிற சின்னத் தனிவீடு கட்டுகிறவர்கள், கோயில் மண்டபம் கட்டுகிற கமிட்டிகள், புதிதாக இந்த நாட்டுக்கு வந்து கான்ட்ராக்ட் எடுக்கும் தம்பிகள் எல்லோருக்கும் சேர்த்து, செய்ய வேண்டியதை வரிசையாக எழுதுகிறேன்.

1. காகிதம் முதலில், கருவி பிறகு

ரேடார்க்காரர் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "இங்கே என்னென்ன ஓடுகிறது என்று ஏதாவது வரைபடம் இருக்கிறதா?" என்பதுதான். திரையில் தெரியும் கோட்டுக்குப் பெயர் சொல்ல அவருக்கு அது வேண்டும். வெறுங்கையோடு நின்றால் அவர் "ஏதோ ஒரு குழாய்" என்றுதான் எழுதிக் கொடுப்பார். அதனால் இவற்றைச் சேர்த்து வையுங்கள்:

சொத்துப் பத்திரமும், மனையின் எல்லையைக் காட்டும் சர்வேயர் ஜெனரல் வரைபடமும். டர்பன் இருக்கும் குவாசூலு நேட்டால் மாகாணத்துக்குப் பத்திரப் பதிவகம் பீட்டர்மாரிட்ஸ்பர்கில் இருக்கிறது. பத்திரத்தில் 'செர்விட்யூட்' என்ற சொல் வருகிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். உங்கள் நிலத்துக்குள் இன்னொருவரின் குழாயோ கேபிளோ போக உரிமை எழுதியிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். டர்பன் மேட்டுநிலக் குடியிருப்புகளில் கழிவுநீர்க் குழாய் தெருவோடு போகாமல் வீடுகளின் பின்பக்கமாகச் சரிவில் இறங்கிப் போவது சாதாரணம். அதன்மேல் சுவர் எழுப்பினால் பின்னால் இடிக்கச் சொல்வார்கள்.

டர்பனை நிர்வகிக்கும் இத்தெக்வினி மாநகராட்சியின் சேவை வரைபடங்கள். தண்ணீரும் கழிவுநீரும் ஒரு துறை, மின்சாரம் ஒரு துறை, மழைநீர் வடிகால் வேறு துறை. ஒரு மேசையில் கேட்டால் எல்லாம் கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். தொலைபேசி, ஃபைபர் கம்பெனிகளிடமும் தனியாகக் கேளுங்கள். மெர்பேங்க், பிளஃப், இசிபிங்கோ பக்கம் இருப்பவர்கள் எரிபொருள் குழாய்களைப் பற்றிக் கட்டாயம் விசாரியுங்கள். அந்தப் பகுதியில் மண்ணுக்கடியில் பெட்ரோலியக் குழாய்கள் ஓடுகின்றன. அங்கே ஊகத்துக்கு இடமே இல்லை.

வேலி தாண்டித் தெருவோரத்தில் தோண்ட வேண்டி வந்தால் அதற்கு 'வேலீவ்' என்ற அனுமதி வேண்டும். அதில் தொடங்கும் நாளும் முடியும் நாளும் போட்டிருக்கும். தேதி தாண்டிப் போய்விட்டால் திரும்ப விண்ணப்பிக்க வேண்டும்.

வரைபடங்களை அப்படியே நம்பிவிடாதீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பனில் எத்தனையோ இடங்களில் குழாய்களைச் சரிசெய்து மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அதற்கு முன்பே பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் தண்ணீர்க் குழாய்களை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் போட்ட தெருக்கள் ஏராளம். பழையது மண்ணுக்குள்ளேயே கிடக்க, புதியது பக்கத்தில் ஓடும் இடமும் உண்டு. வரைபடத்தில் ஒரு கோடு இருந்தால் அங்கே ஒன்று இருக்கலாம். கோடு இல்லாத இடத்தில் ஒன்றும் இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

2. கட்டட அனுமதியும் தொழிலாளர் துறை அறிவிப்பும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 500 சதுர மீட்டருக்குக் குறைவான கட்டடம் என்றால், முழுமையான விண்ணப்பம் கிடைத்து 30 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது 1977ஆம் ஆண்டின் தேசியக் கட்டட ஒழுங்குமுறைச் சட்டம். அதைவிடப் பெரிய கட்டடத்துக்கு 60 நாட்கள். ஒரு பேப்பர் குறைந்தாலும் கணக்கு முதலில் இருந்து தொடங்கும். அனுமதி கிடைத்த பிறகு 12 மாதத்துக்குள் வேலையைத் தொடங்காவிட்டால் அது காலாவதி ஆகிவிடும்.

2014 கட்டுமான விதிகளின்படி, தோண்டும் வேலை இருந்தால் கான்ட்ராக்டர் குறைந்தது 7 நாள் முன்னதாகத் தொழிலாளர் துறையின் மாகாண இயக்குநருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதே விதிகளில் 13ஆவது விதி, தோண்டத் தொடங்கும் முன் அங்கே மின்சாரம், தண்ணீர், எரிவாயு போன்ற சேவைகள் எங்கே இருக்கின்றன என்று இயன்றவரை கண்டறிய வேண்டும் என்கிறது. ரேடார் எடுத்தே ஆக வேண்டும் என்று அதில் இல்லை. ஆனால் விபத்து நடந்த பிறகு, "கண்டறிய நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று அதிகாரி கேட்கும்போது காட்டுவதற்கு உங்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டும். அன்று எங்களிடம் ஒன்றும் இல்லை.

கோயில் கமிட்டிகளுக்கு இன்னொன்று. 60 வருடத்துக்கு மேல் பழைய கட்டடத்தை மாற்றவோ இடிக்கவோ மரபுத்துறை அனுமதி வேண்டும். இந்த மாகாணத்தில் அது அமாஃபா. பழைய சமையற்கூடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறீர்கள் என்றால் அதன் வயதை முதலில் பாருங்கள்.

3. எந்தக் கருவி எதைக் காட்டும்

நாங்கள் முதலில் ஏமாந்தது இங்கேதான். கேபிள் தேடும் கருவியும் ரேடாரும் ஒன்று என்று நினைத்துவிட்டோம். இரண்டும் வேறு வேறு, இரண்டுமே வேண்டும்.

கேபிள் தேடும் கருவி கையில் பிடித்துக்கொண்டு நடக்கும் குச்சி மாதிரி இருக்கும். கரண்ட் ஓடும் கேபிளில் இருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் அலையை அது பிடிக்கும். கரண்ட் ஓடாத கேபிளை இந்த முறையில் அது காட்டாது. இதை நன்றாக மனதில் வையுங்கள்: லோட்ஷெடிங் நேரத்திலோ தெருவில் கரண்ட் போயிருக்கும்போதோ தேடினால், "இங்கே ஒன்றும் இல்லை" என்றுதான் கருவி சொல்லும். சாயங்காலம் கரண்ட் வரும்போது அதே இடத்தில் உயிர் பறிக்கிற கம்பி இருக்கும். தெருவிளக்குக் கேபிளும் பகலில் அணைந்தே கிடக்கலாம். நல்ல ஆட்கள் கூடவே ஒரு டிரான்ஸ்மிட்டர் கொண்டுவந்து, கேபிளிலோ இரும்புக் குழாயிலோ தாங்களே சிக்னல் ஏற்றிப் பின்தொடர்வார்கள். டிரான்ஸ்மிட்டர் கொண்டுவருவீர்களா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள்.

பிளாஸ்டிக், சிமென்ட், மண் குழாய்களை அந்தக் குச்சியால் பார்க்க முடியாது. அங்கேதான் ரேடார் வேண்டும். புல்வெட்டும் எந்திரம் போல சக்கரம் வைத்த ஒரு வண்டி. அடியில் ஆன்டெனா, மேலே திரை. அது மண்ணுக்குள் ரேடியோ அலையைத் தட்டிவிட்டு எதிரொலியைக் கேட்கிறது. சுற்றியிருக்கும் மண்ணில் இருந்து வேறுபட்ட எதுவானாலும் எதிரொலி வரும். இரும்பு, தண்ணீர் நிறைந்த குழாய், காலிப் பொந்து, பாறை, மரவேர் எல்லாமே அப்படித் தெரியும். திரையில் குழாயின் படம் வரும் என்று நானும் எதிர்பார்த்தேன். வந்தது கவிழ்த்து வைத்த கிண்ணம் போல ஒரு வளைவு. வண்டி குழாயைக் குறுக்காகத் தாண்டும்போதுதான் அந்த வளைவு விழும். குழாயின் நீளத்தோடு சேர்ந்தே ஓட்டிப் போனால் ஒரு தட்டைக் கோடாக மண் அடுக்கு மாதிரி தெரிந்து ஏமாற்றிவிடும்.

சிறிய பொருள் ஆழத்தில் கிடந்தால் ரேடார் தவறவிடும். தோராயக் கணக்கு ஒன்று சொல்வார்கள்: 1 மீட்டர் ஆழத்தில் இருக்கும் குழாய்க்கு 10 சென்டிமீட்டர் விட்டமாவது இருந்தால் நம்பிக்கையோடு பார்க்கலாம். மெல்லிய ஃபைபர் கேபிளை ஆழத்தில் எதிர்பார்க்காதீர்கள்.

4. உங்கள் மண் ரேடாருக்கு ஒத்துவருமா?

பணம் வீணாகும் இடம் இதுதான். ரேடாருக்குப் பிடித்தது காய்ந்த மணல். பிடிக்காதது களிமண்ணும் உப்புத் தண்ணீரும். கடற்கரையை ஒட்டிய பெரியா மேட்டுச் சிவப்பு மணல் காய்ந்திருந்தால் ஓரளவு ஆழமாகத் தெரியும். அதில் களி கூடினால் தெரிவது குறையும். கெட்டியான களிமண்ணில் ஒரு மீட்டர்கூடத் தாண்டாது. கடலுக்கு மிக அருகே, அடியில் உப்புத் தண்ணீர் ஊறும் இடத்தில் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே எதுவும் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மழை இன்னொரு சங்கடம். அலை எவ்வளவு நேரத்தில் திரும்பி வந்தது என்பதை வைத்துத்தான் ஆழத்தைக் கணக்கிடுகிறார்கள். காய்ந்த மணலில் அலை ஒரு நானோவினாடிக்குச் சுமார் 15 சென்டிமீட்டர் போகும். தண்ணீர் நிறைந்த மணலில் சுமார் 6 சென்டிமீட்டர்தான். போய்வர 20 நானோவினாடி ஆனது என்று வையுங்கள். காய்ந்த மண் என்றால் குழாய் 1.5 மீட்டரில் இருக்கிறது, நனைந்த மண் என்றால் 60 சென்டிமீட்டரில் இருக்கிறது. மண்ணைத் தப்பாகக் கணித்துவிட்டு, ஆழம்தானே என்று வாளியை இறக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் ஆழத்தை எப்படிக் கணித்தார்கள் என்று கேளுங்கள். திரையில் விழுந்த வளைவின் வடிவத்தை வைத்தோ, ஆழம் தெரிந்த ஒரு மேன்ஹோல் குழாயின்மேல் ஓட்டிப் பார்த்தோ வேகத்தைச் சரிசெய்தோம் என்றால் நல்ல பதில். "கருவியே சொல்லும்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

எங்கள் முதல் ஸ்கேன் மழை பெய்த மூன்றாம் நாள் நடந்தது. பாதி இடம் சாம்பல் நிறமாக, ஒன்றும் இல்லாமல் வந்தது. அவசரம் எங்களுடையது, வந்தவர்கள் ஒத்திவைக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பணம் முழுதாகக் கட்டினோம்.

மேட்டைச் சீவிப் பள்ளத்தை நிரப்பித் தளம் எடுத்த மனைகளில் இன்னொரு விஷயம் கவனியுங்கள். சீவின பக்கம் குழாய் மேலே வந்திருக்கும். நிரப்பின பக்கம் ஆழத்துக்குப் போயிருக்கும். ஒரே குழாய்தான், ஒரு முனையில் 40 சென்டிமீட்டர், மறுமுனையில் 2 மீட்டர் என்று இருக்கலாம். நிரப்பின மண்ணில் செங்கல் துண்டும் கம்பியும் கலந்திருந்தால் திரை முழுவதும் வளைவுகளாகக் குழம்பும்.

ஜோகன்னஸ்பர்க் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லெனேசியாவின் சில பகுதிகளிலும் செஞ்சூரியனிலும் அடியில் டோலமைட் பாறை. நிலம் உள்வாங்கும் ஆபத்து அங்கே உண்டு. ஆழத்தில் இருக்கும் அந்தப் பொந்துகளைக் கண்டுபிடிக்க ரேடார் போதாது. ஈர்ப்பு விசை அளவீடு, துளையிட்டுப் பார்ப்பது என்று நிலவியல் வல்லுநர் செய்ய வேண்டிய வேலை அது. குழாய் தேடின அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு "நிலம் உறுதி" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

5. கொட்டேஷன் வாங்கும்போது

மூன்று இடத்தில் வாங்குங்கள். எங்களுக்கு வந்ததில் ஒன்று இன்னொன்றைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிரித்துப் பார்த்தபோதுதான் விவரம் புரிந்தது: குறைந்த தொகைக்கு வந்தவர்கள் தரையில் பெயின்ட் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள், வரைபடம் தரமாட்டார்கள். ஆகவே தொகையைப் பார்க்கும் முன் இவற்றைக் கேளுங்கள்:

அரை நாளா, முழு நாளா? கிலோமீட்டர் கூலி தனியா? கேபிள் தேடும் கருவியும் சேர்த்தா? ஆழம் எழுதித் தருவீர்களா? வரைபடம் தருவீர்களா, அதற்குத் தனிக் கட்டணமா? மழை வந்து ஒத்திவைத்தால் யார் செலவு? மண் ஒத்துவராமல் ஒன்றும் தெரியாவிட்டால் எவ்வளவு கட்ட வேண்டும்? 15 சதவீத வாட் வரி சேர்ந்த தொகையா, சேராததா? கடைசிக் கேள்வியை விட்டுவிட்டால் பில் வரும்போது கமிட்டிக்குப் பதில் சொல்ல முடியாது.

கான்கிரீட் தளத்தைத் துளைக்கப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். மண்ணுக்கு 250 முதல் 500 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள ஆன்டெனா போதும். கான்கிரீட்டுக்குள் கம்பியும் பைப்பும் பார்க்க 1.6 கிகாஹெர்ட்ஸ் போல உயர்ந்த அதிர்வெண் வேண்டும். அது சில பத்து சென்டிமீட்டர் ஆழம்தான் போகும். இரண்டும் வேறு கருவி, வேறு கட்டணம். நெருக்கமாகக் கம்பி வலை போட்ட தளத்துக்குக் கீழே இருக்கும் குழாயை மேலிருந்து பார்ப்பது மிகக் கடினம்.

செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு. முற்றம் முழுவதையும் ஸ்கேன் செய்யச் சொல்லாதீர்கள். அஸ்திவாரம் வரும் இடம், அதைச் சுற்றி 2 மீட்டர், புதுக் குழாய் போகும் வழி, இவை போதும். பக்கத்துப் பள்ளிக்கோ வீட்டுக்கோ அதே வேலை இருந்தால் ஒரே நாளில் கூப்பிட்டுப் பயணச் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

ஆட்களின் தொழில் காப்பீட்டுச் சான்றையும், தொழிலாளர் இழப்பீட்டு நிதியின் நற்சான்றுக் கடிதத்தையும் நகல் வாங்கி வையுங்கள். எங்கள் இரண்டு ஸ்கேனுக்கும் சேர்த்து ஆன செலவு, உடைந்த குழாய், சரிந்த குழி, கூடுதல் கான்கிரீட், டி.எல்.பி. சும்மா நின்ற நாட்கள் இவற்றுக்கு ஆனதில் பாதிகூட இல்லை.

6. நாள் குறிப்பது

டர்பனில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள்தான் மண் காய்ந்திருக்கும் காலம். ஸ்கேனை அப்போது வையுங்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை மழை. டிசம்பர் நடுவில் கட்டுமானத் தொழில் முழுவதும் விடுமுறைக்குப் போய்விடும். ஜனவரி இரண்டாம் வாரம் வரை போனை எடுக்க ஆள் இருக்காது. அதையடுத்துத் தைப்பூசக் காவடி வந்துவிடும், கோயில் முற்றத்தில் கால் வைக்க இடம் இருக்காது. இந்தக் கணக்கில், காகித வேலையைப் பிப்ரவரி முடிவில் தொடங்கினால் ஜூலையில் ஸ்கேன், ஆகஸ்டில் அஸ்திவாரம் என்று போகும். புரட்டாசி விரதத்துக்குள் தரைக்கு மேலே வந்துவிடலாம்.

ஸ்கேனுக்கும் தோண்டுவதற்கும் நடுவில் நீண்ட இடைவெளி விடாதீர்கள். பெயின்ட் மழையில் போய்விடும். அதைவிட முக்கியம், நடுவில் யாராவது ஃபைபர் கேபிள் போட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

7. ஸ்கேன் நடக்கும் நாள்

முந்தின நாளே புல்லை ஒட்ட வெட்டிவிடுங்கள். ஆன்டெனா தரையை ஒட்டி ஓட வேண்டும். உயர்ந்த புல், ஜல்லிக் குவியல், நிறுத்தின கார் எல்லாம் இடைஞ்சல். மேன்ஹோல் மூடிகளையும் மீட்டர் பெட்டிகளையும் தேடித் திறக்கும்படி வைத்திருங்கள். குழாய் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பது அங்கிருந்துதான் பிடிபடும்.

வண்டியை ஒரு திசையில் மட்டும் ஓட்டிவிட்டு மூட்டை கட்டினால் விடாதீர்கள். கட்டம் போட்டு, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசையிலும் ஓட்டச் சொல்லுங்கள். கோட்டுக்குக் கோடு அரை மீட்டர் இடைவெளி என்று நாங்கள் கேட்டு வாங்கினோம். கூடவே நடந்து பாருங்கள், கேள்வி கேளுங்கள்.

இரண்டாவது ஸ்கேனில் ஒன்று நடந்தது. கிழக்கு மூலையில் திரையில் வளைவு வராமல், அகலமாக ஒரு தொட்டி போலப் பள்ளம் தெரிந்தது. அதற்குள் மெல்லிய அடுக்குகள். ரேடார்க்காரர் நின்று, முன்னும் பின்னும் ஓட்டி, "இங்கே யாரோ பெரிய குழி தோண்டி மூடியிருக்கிறார்கள்" என்றார். பழைய கழிவுநீர்த் தொட்டியோ என்று நாங்கள் பயந்தோம். அர்ச்சகர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். பல வருடம் தீமிதிக்குப் பூக்குழி வெட்டிய இடம் அது. சாம்பலும் மண்ணும் அடுக்கடுக்காகக் கிடந்திருக்கிறது. அங்கே அஸ்திவாரம் போட்டிருந்தால் மண் இறங்கியிருக்கும். எஞ்சினியர் தூணை நகர்த்தினார். உங்கள் இடத்தை நெடுநாள் அறிந்த ஒருவர் ஸ்கேன் நாளில் பக்கத்தில் இருக்கட்டும். முப்பது வருடம் பார்த்த அந்தப் பெரியவரையும் அன்று கூப்பிட்டோம்; பழைய வால்வு இருந்த இடத்தைக் காட்டினவர் அவர்தான்.

8. அறிக்கையில் இருக்க வேண்டியவை

தரையில் அடித்த பெயின்டை அறிக்கை என்று ஏற்காதீர்கள். நிறங்களுக்கு என்ன பொருள் என்று எழுதி வாங்குங்கள். மின்சாரத்துக்குச் சிவப்பு, தண்ணீருக்கு நீலம், கழிவுநீருக்குப் பச்சை என்று பலர் வைப்பார்கள். எல்லோரும் அப்படி வைப்பதில்லை.

வரைபடம் உங்கள் ஆர்க்கிடெக்ட் வரைபடத்தின்மேல் அப்படியே உட்கார வேண்டும். டர்பனுக்கு நில அளவை அச்சு எல்ஓ 31, அதாவது 31 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை நடுவாக வைத்து இடங்களைக் குறிக்கும் முறை. அதில் தரச் சொல்லுங்கள். சின்ன வேலை என்றால் வேலி மூலையில் இருந்தும் கட்டடச் சுவரில் இருந்தும் டேப் பிடித்த அளவு போதும். ஆழம் என்று எழுதியிருப்பது குழாயின் மேல்பக்கம் வரையா, நடு வரையா என்று கேளுங்கள்.

ஸ்கேன் செய்ய முடியாத இடங்களை நிழலிட்டுக் காட்டச் சொல்லுங்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. வரைபடத்தில் வெள்ளையாக இருக்கும் இடம் "பார்த்தோம், ஒன்றும் இல்லை" என்பதா, "பார்க்கவே முடியவில்லை" என்பதா? எங்கள் முதல் வரைபடத்தில் இரண்டும் ஒரே வெள்ளையாகத்தான் இருந்தன.

9. புதைகுழி போலத் தெரிந்தால்

பழைய கரும்புத் தோட்ட நிலங்களில், டோங்காட், மவுண்ட் எட்ஜ்கோம், ஸ்டேங்கர் பக்கங்களில் கட்டுகிறவர்கள் இதைப் படியுங்கள். தோட்டத்தில் உழைத்த நம் ஆட்களில் கல்லோ பெயரோ இல்லாமல் புதைக்கப்பட்டவர்கள் உண்டு. ரேடாரில் எலும்பு தெரியாது. தோண்டி மூடிய மண் தெரியும். ஆள் நீளத்துக்குச் செவ்வகமாக, ஒரே திசை பார்த்து வரிசையாகத் தெரிந்தால் அங்கே மண்வெட்டி வைக்காதீர்கள்.

1999ஆம் ஆண்டின் தேசிய மரபுவளச் சட்டப்படி, முறையான இடுகாட்டுக்கு வெளியே 60 வருடத்துக்கு மேல் பழைய புதைகுழியைத் தொட அனுமதி வேண்டும். வேலையை நிறுத்திவிட்டு அமாஃபாவுக்கும் போலீசுக்கும் தெரிவியுங்கள். கான்ட்ராக்டர் "யாருக்குத் தெரியப் போகிறது" என்பார். அங்கே கிடப்பது யாருடைய கொள்ளுப்பாட்டியோ.

10. சோதனைக் குழி

ரேடார் காட்டிய இடத்தில் கண்ணால் பார்க்கும் வரை எதுவும் உறுதி இல்லை. அஸ்திவாரக் குழியைக் கடக்கும் ஒவ்வொரு கோட்டின்மேலும் ஒரு சோதனைக் குழி வெட்டுங்கள், கையால். கடப்பாரை, பிக்காசு வேண்டாம். கைப்பிடியில் மின்காப்பு உள்ள மண்வெட்டியால் பக்கவாட்டில் சுரண்டிச் சுரண்டி இறங்க வேண்டும். சுற்றியுள்ள மண்ணில் இல்லாத மெல்லிய மணல் தட்டுப்பட்டாலோ எச்சரிக்கை நாடா தெரிந்தாலோ நிறுத்துங்கள். கேபிள் பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம்.

எங்களுக்கு ஐந்து குழி. நான்கில் அறிக்கை சொன்னபடி இருந்தது. ஐந்தாவதில் குழாய் 30 சென்டிமீட்டர் தள்ளி இருந்தது, ஆழமும் குறைவு. அந்த ஒன்றுக்காகத்தான் மற்ற நான்கையும் தோண்டினோம் என்று எனக்குத் தோன்றியது. ஒவ்வொரு குழியிலும் அளவு டேப்பை நிறுத்திப் படம் எடுத்து வையுங்கள்.

11. டி.எல்.பி. இறங்கும் நாள்

ஓட்டுநரைக் காலையில் கூட்டிப் போய் ஒவ்வொரு கோட்டையும் நடந்து காட்டுங்கள். வரைபடத்தைக் கையில் திணித்தால் போதாது. உறுதி செய்த கோட்டின் இரண்டு பக்கமும் அரை மீட்டருக்கு இயந்திரம் வரக் கூடாது, அங்கே கை மட்டும்தான் என்று நாங்கள் சுண்ணாம்புப் பட்டை போட்டோம். மெயின் வால்வும் மின் இணைப்பைத் துண்டிக்கும் இடமும் எங்கே என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

குழிக்குள் ஆள் இறங்கும் முன் தினமும், மழைக்குப் பிறகும் சுவர்களைச் சரிபார்க்க வேண்டும். விதி 13 அதையும் சொல்கிறது. பொதுமக்கள் நடமாடும் இடம் என்றால் குறைந்தது 1 மீட்டர் உயரத் தடுப்பு வேண்டும். கோயிலுக்குக் குழந்தைகள் வருகிறார்கள்.

கேபிளில் வாளி பட்டுவிட்டால் ஓட்டுநர் இறங்கக் கூடாது, வண்டியை யாரும் தொடக் கூடாது. எல்லோரும் விலகி நின்று மின்துறையைக் கூப்பிடுங்கள். காயம் என்றால் கைபேசியில் 112, ஆம்புலன்சுக்கு 10177. கரண்ட் நின்றுவிட்டது போலத் தெரிந்தாலும் கிட்டே போகாதீர்கள்; திரும்ப வரும்.

கான்கிரீட் ஊற்றும் முன் கட்டட இன்ஸ்பெக்டர் குழியைப் பார்க்க வேண்டும். அவருக்கு முன்னதாகவே சொல்லி வையுங்கள். கான்கிரீட் லாரி வாசலில் நிற்கும்போது அவரைத் தேடக் கூடாது.

12. மூடுவதற்கு முன்

நீங்கள் புதிதாகப் போடும் பிளாஸ்டிக் குழாயோடு ஒரு செப்புக் கம்பியையும் சேர்த்துக் கட்டிப் புதையுங்கள். கம்பியின் இரண்டு முனைகளும் மீட்டர் பெட்டியிலும் வால்வுப் பெட்டியிலும் வெளியே வரட்டும். அதில் டிரான்ஸ்மிட்டரை மாட்டினால், ரேடார் இல்லாமலே கேபிள் குச்சியால் குழாயைக் கண்டுபிடித்துவிடலாம். குழாய்க்கு மேலே ஓர் அடி மண் போட்டதும் எச்சரிக்கை நாடாவை விரித்துவிட்டு மீதியை மூடுங்கள்.

மூடுவதற்கு முன் அளவெடுத்து வரையுங்கள்: எந்தச் சுவரில் இருந்து எத்தனை மீட்டர், எவ்வளவு ஆழம், எந்தத் தேதி. எங்கள் வரைபடம் மூன்று பிரதி இருக்கிறது. ஒன்று கோயில் ஆபீஸ் இரும்பு பீரோவில், ஒன்று எஞ்சினியரிடம். மூன்றாவதை லாமினேட் செய்து சமையற்கூடத்துக் கதவின் உள்பக்கம் ஆணியடித்து மாட்டியிருக்கிறோம், வால்வு இருக்கும் இடத்தைச் சிவப்பு மையில் வட்டமிட்டு.